தெருநாய் தூங்குகிறதா, சும்மா படுத்திருக்கிறதா: சென்னையில் இருந்தபடியே விலங்குகளின் தூக்கத்தை ஆராய்வது எப்படி

விலங்குகளின் தூக்கத்தை ஆராய மூளையில் மின்முனை பொருத்த வேண்டும், லட்சக்கணக்கில் கருவி வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஆர்வமுள்ள பலர் ஆரம்பிப்பதே இல்லை. கருவி இல்லாமல் சொல்ல முடியாத விஷயங்கள் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் தூக்கத்துக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் அடிப்படை வரையறையே கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியது. பழ ஈக்கள் தூங்குகின்றன என்று 2000-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக நிறுவியது ஈயின் நடத்தையை வைத்துத்தான். மூளை என்ற ஒன்றே இல்லாத ஜெல்லிமீன் தூங்குகிறது என்று 2017-ல் கலிபோர்னியாவில் காட்டியதும் அப்படித்தான்: இரவில் அதன் துடிப்பு குறைந்தது, அது உட்கார்ந்திருந்த தளத்தைச் சட்டென்று விலக்கினால் சுதாரித்து நீந்தப் பகலைவிட அதிக நேரம் எடுத்தது, இரவில் தண்ணீரைப் பீய்ச்சித் தொந்தரவு செய்தால் மறுநாள் பகலில் சோர்ந்து கிடந்தது. இதில் எந்த இடத்திலும் மூளை அலையைப் பதிவு செய்யவில்லை, செய்யவும் முடியாது.

ஆகவே ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு மொபைல், உங்கள் தெருவில் ஒரு நாய். இவ்வளவு போதும்.

எதைத் தூக்கம் என்று எழுதுவது

பிரான்சில் ஆன்றி பியெரோன் 1913-லேயே தூக்கத்தை நடத்தையை வைத்து வரையறுக்க முயன்றார். அதற்குப் பிறகு பலர் சேர்த்தும் திருத்தியும் இன்று ஐந்து கேள்விகளாக நிற்கிறது. விலங்கு அசையாமல் இருக்கிறதா? அதற்கென்று உள்ள இடத்தில், அதற்கென்று உள்ள கோலத்தில் இருக்கிறதா? விழித்திருக்கும்போது திரும்பிப் பார்க்கும் சத்தத்துக்கு இப்போது திரும்பாமல் இருக்கிறதா? ஆனாலும் சத்தத்தைக் கூட்டினால் சட்டென்று எழுந்துவிடுகிறதா? தூங்கவிடாமல் செய்தால் பின்னால் அந்தக் கடனை அடைக்கிறதா? நான்காவது கேள்விதான் தூக்கத்தை மயக்கத்திலிருந்து பிரிக்கிறது. ஐந்தாவது, வெறும் ஓய்விலிருந்து பிரிக்கிறது. அந்த ஐந்தாவதைக் கரப்பான்பூச்சியிடம்கூடக் காட்ட முடியும் என்று 1980களில் சுவிட்சர்லாந்தின் ஐரீன் டோப்ளர் செய்து காட்டினார்.

கண் மூடியிருக்கிறதா என்பது இந்தப் பட்டியலிலேயே இல்லை, கவனித்தீர்களா? வீட்டுப் பல்லிக்கு மூடித் திறக்கும் இமை கிடையாது, மீன்தொட்டியில் இருக்கும் மோலிக்கும் கிடையாது. மாடு பாதிக் கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டே மணிக்கணக்கில் அரைத்தூக்கத்தில் இருக்கும். கண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்தால் பாதி விலங்குகளைத் தப்பாகத்தான் எழுதுவீர்கள்.

நோட்டு

போகும் முன்பே நடத்தைகளின் பட்டியல் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருக்கக் குறியோடு. நாய்க்கு என்றால்: நிற்கிறது, நடக்கிறது, உட்கார்ந்திருக்கிறது, தலை நிமிர்ந்து படுத்திருக்கிறது, தலையைத் தரையில் வைத்துப் படுத்திருக்கிறது, ஒருக்களித்துப் படுத்திருக்கிறது, சுருண்டு படுத்திருக்கிறது, சொறிகிறது, துடிப்பு. ஒவ்வொன்றும் வேறொருவர் பார்த்தாலும் அதையே எழுதும்படி இருக்க வேண்டும். 'நிம்மதியாகப் படுத்திருக்கிறது' என்று ஒரு கட்டம் போட்டீர்கள் என்றால் அதோடு நோட்டு கெட்டது. 'கனவு காண்கிறது' அதைவிட மோசம். அது முடிவு, நீங்கள் பார்த்தது அல்ல. பார்த்தது 'வலது முன்னங்கால் பாதம் துடித்தது' என்பதுதான்.

எப்படிப் பதிவது என்பதற்கு 1974-ல் ஜீன் ஆல்ட்மன் எழுதிய கட்டுரைதான் இன்றும் இந்தத் துறையில் எல்லோரும் கைகாட்டுவது. அதிலிருந்து உங்களுக்கு இரண்டு முறைகள் போதும். ஒன்று, ஒரே நாயை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் விடாமல் அதை மட்டும் பார்ப்பது. இன்னொன்று, ஒரு மணிக்கு ஒரு தடவை தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து, கண்ணில் படும் ஒவ்வொரு நாயும் அந்த நொடியில் என்ன செய்கிறது என்று மட்டும் குறிப்பது. முதல் முறையிலும் மொபைலில் நிமிடத்துக்கு ஒரு பீப் வைத்துக்கொண்டு, பீப் அடிக்கும் கணத்தில் இருப்பதை எழுதுங்கள். இது சலிப்பான வேலை, உண்மை. ஆனால் பீப் இல்லாவிட்டால் கை தானாக ருசியான விஷயங்களை மட்டும் எழுதும். கால் துடித்தது, உறுமியது, திடுக்கிட்டு எழுந்தது என்று பக்கம் நிறையும், நடுவில் நாற்பது நிமிடம் கட்டையாகக் கிடந்தது எங்கேயும் இருக்காது.

கொல்கத்தாவில் உள்ள ஐசர் என்ற அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு இந்தியத் தெருநாய்களின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். அதற்கும் அடிப்படை, தெருத் தெருவாக நடந்து குறித்ததுதான். நாய்கள் பெரும்பாலும் சோம்பேறியாகக் கிடக்கின்றன, மனிதர்களிடம் வம்புக்கு வருவது குறைவு என்று அதில் வந்தது. சென்னைக்கும் அது பொருந்துமா என்பதை உங்கள் நோட்டு சொல்லட்டும்.

ஓரத்தில் வெப்பநிலைக்கு ஒரு கட்டம் கட்டாயம். கத்திரி வெயிலில் நம் ஊர் நாய் கட்டட வேலைக்குக் கொட்டி வைத்த எம்-சாண்டைத் தோண்டி அதன் ஈரத்தில் வயிற்றை வைத்துக் கால் நான்கையும் பரப்பிக் கிடக்கும், இல்லாவிட்டால் ஏடிஎம் கதவுக்குக் கீழே கசியும் ஏசி காற்றில். அதே நாய் மார்கழி விடியலில் மூக்கை வாலுக்குள் புதைத்துச் சுருண்டிருக்கும். கோலம் மாறியதற்குத் தூக்கத்தின் ஆழம் காரணமா, தட்பவெப்பமா என்று பிறகு பிரிக்க வேண்டுமென்றால் அன்றைய சூடு என்ன என்று எழுதியிருக்க வேண்டும்.

நாயிடம் தொடங்குங்கள்

தொடக்கத்துக்கு நாயைப் போல வேறு விலங்கு கிடையாது. பூனை நம்மைப் பார்த்ததும் இடம் மாறும், காக்காவை இருட்டில் பார்க்க முடியாது. நாய் தெருவில், வெளிச்சத்தில், நம் கண்முன்னால் ஆழ்ந்து தூங்குகிறது.

மனிதனின் ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். நாயின் இரவு துண்டு துண்டானது. 1993-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் நாய்கள் சராசரியாக 16 நிமிடம் தூங்கி 5 நிமிடம் விழித்து, மறுபடி தூங்கி, இப்படியே இரவைக் கழித்தன. எனவே பத்து நிமிடம் பார்த்துவிட்டு 'இது தூங்கவே இல்லை' என்று எழுந்து வந்துவிடாதீர்கள். ஒரு மணி நேரமாவது உட்காருங்கள், நாய்க்குப் பழகிய இடமாக, டீக்கடை பெஞ்சு மாதிரி.

வரிசையைக் கவனியுங்கள். படுத்ததும் தலை நிமிர்ந்திருக்கும், காது திரும்பிக்கொண்டே இருக்கும். பிறகு மோவாய் தரையைத் தொடும். மூச்சு மெதுவாகி ஒரே சீராக வரும். விலா எலும்பு ஏறி இறங்குவதை எண்ணி நிமிடத்துக்கு எத்தனை என்று எழுதலாம், இது கருவியில்லாமல் கிடைக்கும் மிக நல்ல அளவு. வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும்போது மட்டும் எண்ணாதீர்கள், அது சூட்டைத் தணிக்கும் மூச்சு.

அப்புறம்தான் பார்க்க வேண்டியது வரும். சீராக இருந்த மூச்சு தடுமாறும், இரண்டு சின்ன மூச்சு, ஒரு இடைவெளி, ஒரு நீண்ட மூச்சு. மீசை முடிகள் முன்னால் குத்திட்டுத் தளரும். மேலுதடு ஒரு பக்கம் மட்டும் இழுபடும். முன்னங்கால் முழுதாக அசையாது, பாதம் மட்டும் மணிக்கட்டில் மடிந்து நிமிரும், பிறகு பின்னங்காலில் அதுவே. வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே ஒரு 'வுஃப்'. அருகில் இருந்தால் மூடிய இமைக்குள் விழி உருள்வது தெரியும், சில நேரம் இமை சற்றுத் திறந்து உள்ளிருக்கும் வெள்ளைச் சவ்வு தெரியும். சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிடும், பல நேரம் அதோடு விழித்து, இடம் மாறி, மறுபக்கம் திரும்பிப் படுக்கும்.

இதுதான் ரெம் (REM, விழி வேகமாக உருளும்) தூக்கம். 1953-ல் சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும் மனிதர்களிடம் விழி உருள்வதைப் பார்த்து விவரித்தது. நரம்பு மண்டலத்தில் அப்போது நடப்பது விநோதமானது. மூளை ஏறக்குறைய விழிப்பில் இருப்பது போல வேலை செய்கிறது, ஆனால் மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதியிலிருந்து கிளம்பும் சமிக்ஞை கீழே இறங்கி, தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நியூரான்களை அடக்கிவிடுகிறது. கிளைசின், காபா என்ற இரண்டு வேதிப்பொருள்கள் அந்த வேலையைச் செய்கின்றன. கழுத்தும் காலும் தளர்ந்து துவண்டுவிடுவதால்தான் மாடு ரெம்முக்குப் போகும்போது கழுத்தை மடக்கித் தலையை விலாவின் மேல் சாய்த்துக்கொள்கிறது. குதிரை நின்றபடி கண்ணயரும், ரெம்முக்குப் படுத்தாக வேண்டும். மெரினாவில் சவாரிக் குதிரை நின்றுகொண்டே தூங்குகிறது என்று சொல்பவர்கள் பாதிதான் சரி.

அந்த அடைப்பை மீறிக் கசிவதுதான் நாம் பார்க்கும் துடிப்பு. அடைப்பே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஷூவே பூனைகளிடம் பார்த்தார். பான்ஸில் ஒரு சிறு பகுதியைச் சேதப்படுத்திய பூனைகள் ரெம் தூக்கத்திலேயே எழுந்து, இல்லாத இரையைப் பதுங்கிப் பின்தொடர்ந்தன, பாய்ந்தன. அப்படியானால் நாய் கனவில் பூனையைத் துரத்துகிறது என்று எழுதலாமே என்று கேட்பீர்கள். எலிகள் ஓடும்போது சேர்ந்து இயங்கிய ஹிப்போகாம்பஸ் (மூளையில் நினைவோடு தொடர்புடைய பகுதி) நியூரான்கள் பிறகு ரெம் இல்லாத ஆழ்ந்த தூக்கத்திலும் சேர்ந்து இயங்குகின்றன என்று 1994-ல் வில்சனும் மெக்நாட்டனும் காட்டியதும் அந்தப் பக்கமே இழுக்கிறது. என் கட்சி என்னவென்றால், வீட்டில் பேசும்போது கனவு என்றே சொல்லிக்கொள்ளுங்கள், நோட்டில் மட்டும் வேண்டாம். நியூரான் திரும்ப இயங்கியதைத்தான் அளந்திருக்கிறார்கள், எலி என்ன கண்டது என்பதை அல்ல.

குட்டிகள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பிறந்து சில நாளே ஆன குட்டி பெருமளவு நேரம் துடித்துக்கொண்டே தூங்கும். அது வலிப்போ என்று பயந்துபோய்க் கேட்பவர்கள் உண்டு. அயோவா பல்கலைக்கழகத்தில் மார்க் பிளம்பர்க் எலிக்குட்டிகளை வைத்துப் பல ஆண்டுகள் செய்த வேலை வேறு திசையைக் காட்டுகிறது. ஒவ்வொரு துடிப்பும் ஓர் உறுப்பை மட்டும் அசைத்து, அதிலிருந்து வரும் உணர்வை மூளைக்கு அனுப்புகிறது. எந்தத் தசை எங்கே இருக்கிறது என்று வளரும் நரம்பு மண்டலம் அப்படித்தான் கற்றுக்கொள்கிறது என்பது அவர் கருத்து. ஆகவே குட்டியின் துடிப்பையும் வளர்ந்த நாயின் துடிப்பையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். தாய் நாய் பக்கத்தில் இருந்தால் மட்டும் தூரத்திலேயே நின்றுகொள்ளுங்கள், மொபைல் ஜூம் போதும்.

உசுப்பிப் பார்ப்பது

படுத்திருப்பதைத் தூக்கத்திலிருந்து பிரிக்க வேண்டுமென்றால் இந்தச் சோதனையைத் தவிர்க்க முடியாது. ஆனால் அதைப் பெரும்பாலும் சென்னையே இலவசமாகச் செய்து தருகிறது. தண்ணீர் லாரி ஹாரன், குப்பை வண்டியின் பாட்டு, பக்கத்துக் கோயில் மணி, 'பழைய பேப்பர்' என்று கூவிக்கொண்டு போகிறவர். ஒவ்வொன்றும் வரும்போது நாய் என்ன செய்தது என்று நான்கு படிகளில் எழுதுங்கள்: ஒன்றுமில்லை, காது அசைந்தது, கண் திறந்தது, தலை தூக்கியது. காது மட்டும் அசைந்ததை விழிப்பு என்று எழுதாதீர்கள், தூங்கும் விலங்கின் காதும் அசையும்.

நீங்களாகச் சத்தம் எழுப்புவதானால் மொபைலில் ஒரே ஒலியை, ஒரே தூரத்திலிருந்து, மெலிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். எந்தப் படியில் காது, எந்தப் படியில் தலை என்று குறித்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். ஒரு நாய்க்கு ஒரு நாளில் ஒன்றிரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் நாய் அந்தச் சத்தத்துக்குப் பழகிவிடும், உங்கள் எண்ணும் பழக்கத்தை அளக்கும் எண்ணாகிவிடும். அதைவிட முக்கியம், அதன் தூக்கத்தைத் திருடுகிறோம். தொட்டு எழுப்பவே கூடாது, காலால் தட்டி எழுப்புவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இதில் ஒரு சுவாரஸ்யமான ஒப்பீடு உண்டு. பிஸ்கட் பாக்கெட் சரசரக்கும் ஒலியைப் பதிவு செய்துகொள்ளுங்கள், அதே அளவு சத்தத்தில் பொருளற்ற இரைச்சல் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். எது எழுப்புகிறது? ரெம் இல்லாத தூக்கத்தில், மூளையின் உட்பகுதியில் இருக்கும் தலாமஸ் புலன் செய்திகளை மூளையின் மேலடுக்கான புறணிக்கு முழுதாக அனுப்புவதில்லை. குறைக்கிறதே தவிர அடியோடு நிறுத்துவதில்லை, எது அவசியம் என்று பார்க்கும் வேலை ஓரளவு நடந்துகொண்டே இருக்கிறது. தலைக்கு மேல் பஸ் ஹாரன் அடித்தும் அசையாத நாய் இரண்டு தெரு தள்ளி வேறொரு நாய் குரைத்தால் எழுந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அதைப் 'பார்த்திருக்கிறேன்' என்ற நிலையிலிருந்து ஒரு அட்டவணைக்குக் கொண்டுவருவதுதான் உங்கள் வேலை.

தீபாவளிக்கு மறுநாள்

ஐந்தாவது கேள்வி, தூக்கக் கடன். ஆய்வுக்கூடங்களில் விலங்கை வேண்டுமென்றே தூங்கவிடாமல் வைத்து இதைப் பார்ப்பார்கள். தண்ணீருக்கு நடுவே கவிழ்த்த பூந்தொட்டியின் மேல் பூனையை உட்கார வைப்பார்கள், ரெம் வந்து தசை தளர்ந்ததும் அது தண்ணீரில் விழுந்து விழிக்கும். சிகாகோவில் ஆலன் ரெஷ்டஷாஃபனின் 1980களின் சோதனைகளில் தொடர்ந்து தூக்கம் பறிக்கப்பட்ட எலிகள் இரண்டு மூன்று வாரங்களில் செத்தன. இதன் எந்த வடிவத்தையும் வீட்டில் செய்யக் கூடாது, செல்லப் பிராணியிடமும் கூடாது, 'சும்மா ஒரு ராத்திரிதானே' என்றும் கூடாது.

நமக்குத் தேவையும் இல்லை. தீபாவளி, புத்தாண்டு இரவு, கிரிக்கெட் வெற்றி, தேர்தல் முடிவு என்று ஊரே வெடி வெடித்து நாய்களை எழுப்பி வைக்கிறது. தீபாவளிக்கு மூன்று நாள் முன்பே தொடங்கி, முடிந்த பிறகு மூன்று நாள் வரை, தினமும் ஒரே நேரத்தில் அதே தெருவில் நடந்து குறியுங்கள். படுத்த எத்தனை நிமிடத்தில் மோவாய் தரையைத் தொட்டது, வழக்கமாகத் தலை தூக்கும் சத்தத்துக்கு அன்று தூக்கியதா, இந்த இரண்டும் மொத்த நேரத்தைவிடத் தெளிவாகப் பேசும். ஒரு பொறி இருக்கிறது: பயந்து காருக்கு அடியில் ஒடுங்கியிருக்கும் நாயும் அசையாமல்தான் இருக்கும். காது பின்னால் ஒட்டி, கண் திறந்து, மூச்சு வேகமாக இருந்தால் அது தூக்கக் கணக்கில் வராது.

விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது, தூக்க அழுத்தத்தில் அதற்குப் பெரிய பங்கு. இரவு ஒன்பது மணிக்கு ஃபில்டர் காபி குடித்துவிட்டு நோட்டோடு உட்காருகிறீர்களே, அந்தக் காபியில் இருக்கும் காஃபீன் செய்வது அடினோசின் ஒட்டும் இடங்களை மறித்துக்கொள்வதுதான். கடன் தீரவில்லை, கேட்பவர் வாசலில் நிற்பது மட்டும் தெரியாமல் போகிறது.

கடனோடு கூட இன்னொரு விசை உண்டு, உள்ளிருக்கும் கடிகாரம். இந்த இரண்டும் சேர்ந்துதான் தூக்கத்தைத் தீர்மானிக்கின்றன என்று 1982-ல் சூரிச்சில் அலெக்சாண்டர் போர்பெலி முன்வைத்தார். கடிகாரப் பக்கத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெரிய பங்கு இருக்கிறது, நம்மில் பலருக்கு அது தெரியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் மாரிமுத்துவும் சகாக்களும் குகை வௌவால்களை ஆராய்ந்து 1981-ல் ஒன்றைக் காட்டினார்கள். வெளிச்சமே எட்டாத குகைக்குள் கூண்டில் இருந்த வௌவாலின் கடிகாரமும், அதே குகையில் சுதந்திரமாக வெளியே போய்வரும் மற்ற வௌவால்களோடு ஒத்துப்போனது. சூரியனைப் பார்க்காமல், கூட்டத்தைப் பார்த்து நேரம் வைத்துக்கொண்டது. உங்கள் தெருவில் ஒரு நாய் குப்பை வண்டிக்கு முன்பே எழுந்துவிடுகிறதென்றால் வெளிச்சமா, பசியா, பக்கத்து நாயா, எது எழுப்பியது என்று பிரித்துப் பார்க்க இது ஒரு நல்ல முன்மாதிரி.

டார்ச்சோடு தோட்டத்தில்

நாய் அலுத்துப்போனால் இரவு எட்டு மணிக்கு மேல் தோட்டத்துக்கோ பக்கத்துப் புதருக்கோ டார்ச்சோடு போங்கள். ஓணான் மெல்லிய கிளையின் நுனியில் வெளிறிப்போய்க் கண்ணை மூடிப் படுத்திருக்கும். பகலில் பத்தடி தள்ளி நின்றாலே மரத்துக்குப் பின்னால் நழுவும் அதே பிராணி. தடித்த கிளை இருக்க நுனிக்கு ஏன் போகிறது என்றால், பாம்பு ஏறினால் கிளை ஆடி எழுப்பிவிடும் என்பது பலர் சொல்லும் விளக்கம். ஆட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள், அடுத்தடுத்த இரவுகளில் அதே கிளைக்கு வருகிறதா என்று பாருங்கள். ஓணானின் ஆஸ்திரேலிய உறவினமான தாடி ஓணானுக்கும் ரெம் போன்ற நிலை உண்டு என்று 2016-ல் ஜெர்மனியில் ஜில் லோரான் குழு கண்டது. அதில் ஒரு சுற்று 80 நொடி அளவுதான்.

இதைவிட எனக்குப் பிடித்தது தேனீ. கொம்புத் தேனீ அல்ல, வயிற்றில் நீலப் பட்டை போட்ட தனித் தேனீ. அந்தி சாயும்போது துளசியின் காய்ந்த பூத்தண்டையோ புல் தண்டையோ பாருங்கள். தண்டைத் தாடையால் கடித்துக்கொண்டு, கால்களை மடக்கி, உடம்பு கிடைமட்டமாக நீட்டி நிற்கும். நாலைந்து ஒரே தண்டில் வரிசையாகவும் இருக்கும், பெரும்பாலும் ஆண்கள். உணர்கொம்பைக் கவனியுங்கள். தேனீக்களில் தூக்கம் ஆழமாக ஆழமாக உணர்கொம்பு தாழ்ந்து அசைவும் குறைகிறது என்று 1980களில் ஜெர்மனியில் வால்டர் கைசர் தேன் தரும் தேனீயிடம் விவரித்தார். உங்கள் நீலப்பட்டைத் தேனீயிடமும் அந்த வரிசை தெரிகிறதா என்று நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால் ஒரே வாரத்தில் நல்ல தொகுப்பு கிடைக்கும்.

கொசுவும் தூங்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு விழிப்போடு உட்கார்ந்திருக்கும்போது பின்னங்கால் இரண்டும் மேலே தூக்கியிருக்கும், தூங்கும்போது அவை தாழ்ந்து உடம்பும் சுவரோடு நெருங்கும். அமெரிக்காவில் 2022-ல் கொசுக்களை அதிர்வு கொடுத்துத் தூங்கவிடாமல் வைத்துப் பார்த்தார்கள், மறுநாள் அவை இரத்தம் குடிக்க வருவது குறைந்தது. சுவரில் பார்த்தால் காலைக் கவனித்துவிட்டு அடியுங்கள்.

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. டார்ச் முனையில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டினால் பூச்சிகளுக்குப் பெரிதாகத் தெரியாது. பறவைக்கும் ஓணானுக்கும் சிவப்பு நன்றாகவே தெரியும், அங்கே இந்த உத்தி செல்லாது. வெளிச்சத்தைக் குறைத்து, நேராக அடிக்காமல், சீக்கிரம் அணையுங்கள்.

ஒற்றைக் கண்

பள்ளிக்கரணையில் குளிர்காலக் காலையில் புள்ளிமூக்கு வாத்துகள் கரையோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தால் பைனாகுலரில் ஓரத்து வாத்தின் கண்ணைப் பாருங்கள். நீல்ஸ் ராட்டன்போர்க் 1999-ல் காட்டியது இது: வரிசையின் ஓரத்தில் இருக்கும் காட்டு வாத்து வெளிப்பக்கக் கண்ணைத் திறந்து வைத்து, மூளையின் ஒரு பாதியால் மட்டும் தூங்குகிறது. நடுவில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு கண்ணையும் மூடுகின்றன. நீங்கள் செய்ய வேண்டியது ஓரம், நடு என்று பிரித்து, எந்தக் கண் மூடியிருந்தது என்று எண்ணுவது மட்டும்தான். 'பாதி மூளை தூங்கியது' என்று எழுதாதீர்கள். வாத்தில் அதை மின்முனை வைத்துப் பார்த்தார்கள், நீங்கள் பார்த்தது கண்ணை. இதே எச்சரிக்கை ஈசிஆர் முதலைப் பண்ணைக்கும். முதலைக் குட்டிகள் ஆள் நிற்கும் பக்கத்துக் கண்ணைத் திறந்து வைக்கின்றன என்று மெல்போர்னில் 2015-ல் கண்டார்கள், மூளையை அப்போது அளக்கவில்லை.

காக்காய்க்கு வேறொரு கேள்வி வைத்துக்கொள்ளலாம். வெள்ளை எல்இடி விளக்குக்கு அடியில் இருக்கும் மரம் ஒன்று, இருட்டில் இருக்கும் மரம் ஒன்று. இரவு பதினொன்றிலிருந்து ஒரு மணி நேரம் எதில் எத்தனை தடவை கரைகின்றன? ஆஸ்திரேலியாவில் 2020-ல் இரவு வெளிச்சம் பறவைகளின் தூக்கத்தைக் கெடுப்பதை, மூளை அலையைப் பதியும் ஈஈஜி வைத்தே பார்த்தார்கள். மேக்பை பறவைக்கு வெள்ளையைவிட மஞ்சள் வெளிச்சம் கொஞ்சம் தேவலை, புறாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சட்டமும் கடியும்

பார்ப்பதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். பிடிப்பதற்கும் அடைத்து வைப்பதற்கும் வேண்டும். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் பச்சைக்கிளி வளர்ப்பதே குற்றம், ஆகவே 'எங்கள் கிளியின் தூக்கம்' என்று ஆய்வு எழுதிவிடாதீர்கள். மருந்து கொடுப்பது, ஊசி, மின்முனை எல்லாம் நெறிக்குழு உள்ள நிறுவனத்துக்குள் நடக்க வேண்டியவை.

நாய் கடித்தால், பல் லேசாகப் பட்டிருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசியைத் தொடங்குங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். தூங்கும் நாயின் முகத்துக்கு நேரே குனிந்து படம் எடுப்பதுதான் இதில் கடி வாங்கச் சுலபமான வழி.

நோட்டு நிரம்பியதும்

ஒவ்வொரு நாளையும் ஒரு கோடாக, 24 மணி நேரத்தை இடமிருந்து வலமாக வரைந்து, அசையாமல் இருந்த நேரத்தைக் கறுப்படியுங்கள். அடுத்த நாளை அதற்குக் கீழே, அதற்கடுத்ததை அதற்கும் கீழே. ஒரு மாதத்துக் கோடுகள் சேர்ந்தால், கறுப்பு நேராக இறங்குகிறதா, தீபாவளி வந்த இடத்தில் உடைகிறதா என்பது ஒரே பார்வையில் தெரியும். பார்க்காத நேரத்தை வெள்ளையாக விடாதீர்கள், வெள்ளை என்றால் விழிப்பு என்று அர்த்தமாகிவிடும், கோடு கோடாக அடித்து வையுங்கள்.

எண்களை யாரிடமாவது காட்டும் முன் ஒரு நண்பரைக் கூப்பிட்டு, நீங்கள் எடுத்த வீடியோ ஒன்றைக் கொடுத்து, உங்கள் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒரு குறி போடச் சொல்லுங்கள். அவர் குறியையும் உங்கள் குறியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் 'தலையைத் தரையில் வைத்து' என்பதிலும் 'சுருண்டு' என்பதிலும்தான் இடிக்கும், சுருண்ட நாயின் தலையும் தரையில்தானே இருக்கிறது. எது முந்தும் என்று பட்டியலில் ஒரு வரி சேர்த்துவிட்டு, அதே வீடியோவை வேறொரு நண்பரிடம் கொடுத்துப் பாருங்கள்.